வாப்பா வீட்டில் இல்லை



போன வியாழக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வந்து, சாரனை மாற்றிக்கொண்டு கதிரையில் சாய்ந்திருந்தேன். கேற்றடியில் ஸலாம் சத்தம். வெளியூர் ஜமாஅத் ஒன்று எங்கள் பள்ளிவாசலில் தங்கியிருக்கிறது, கஷ்துக்கு வந்திருக்கிறார்கள். சின்ன மகன் ஓடிவந்து காதுக்குள் கேட்டான்.

"வாப்பா, நீங்க இல்லெண்டு சொல்லட்டா?"

இதை யார் உனக்குப் படிப்பித்தது என்று கேட்க வாயெடுத்து, அப்படியே விழுங்கிவிட்டேன். வேறு யார் படிப்பித்திருப்பார்கள்?

கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து பழகிய எனக்கு, அந்தப் பக்கம் நிற்கிறவனின் நாள் எப்படிப் போகிறது என்று காட்டியவர்கள் இரண்டு அமெரிக்கப் பொடியன்மார். அவர்கள் நம் மார்க்கத்தவர்கள் இல்லை, மோர்மன்கள். பத்து வருடத்துக்கு மேலாக மனசுக்குள் கிடக்கிற விசயம். கொஞ்சம் நீளம். நேரம் இருக்கிறவர்கள் வாசியுங்கள்.

2013 ஒக்டோபரில் ஜப்பான் அரசாங்கத்தின் ஆசிரியர் பயிற்சிப் புலமைப்பரிசில் கிடைத்து நருத்தோ என்ற ஊருக்குப் போனேன். ஒன்றரை வருடம். பிள்ளைகள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன், கார்ட்டூனில் வருகிற அந்த நருத்தோ இல்லை. ஆனால் அந்தப் பெயரைத் துரத்திக்கொண்டு போனால் கடைசியில் இந்த ஊரின் கடலில்தான் வந்து நிற்கும். ஷிகொக்கு தீவின் வடகிழக்கு மூலை. பெரிய பாலத்துக்குக் கீழே கடல் சுழன்று சுழன்று ஓடும், அதைப் பார்க்க டிக்கெட் எடுத்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். அதை விட்டால் ஊரில் மீன், கடற்பாசி, மணல் நிலத்தில் வத்தாளங்கிழங்கு. அறுபதாயிரம் பேர் அளவில் இருந்தார்கள், அதில் கனபேர் வயசாளிகள். நகரசபை ஓட்டுகிற சின்னப் படகில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு காசில்லாமல் அக்கரைக்குப் போகலாம். முதல் நாள் அதில் ஏறியபோது நம் பக்கத்துத் துறைகள் ஞாபகம் வந்து நெஞ்சு கனத்தது.

பாய் விரித்த ஒற்றை அறை வீடு எனக்கு. முதல் குளிர்காலம். கிழக்கு மாகாணத்தில் பிறந்த மனிசனுக்கு ஜனவரி மாத ஜப்பான் என்றால் சொல்லத் தேவையில்லை. மண்ணெண்ணெய் அடுப்புக்கு முன்னால் போர்வைக்குள் இருந்து பாடம் எழுதிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் இரவு ஏழு, ஏழரை இருக்கும், மணி அடித்தது. கதவிலிருந்த கண்ணாடி ஓட்டையால் பார்த்தால் இரண்டு வெள்ளைக்காரப் பொடியன்மார். கறுப்புக் கோட், டை, தலையில் சைக்கிள் ஹெல்மட், நெஞ்சில் கறுப்புப் பெயர்த்தகடு. யாரென்று உடனே விளங்கிவிட்டது. பல்கலைக்கழகத்தில் ஏற்கனவே சொல்லியிருந்தார்கள்.

சத்தம் போடாமல் போய் லைட்டை அணைத்தேன். மறுபடி மணி அடித்தது. இருட்டுக்குள் நின்றுகொண்டிருந்தேன். தாளில் ஏதோ எழுதிக் கதவு இடுக்கில் செருகிவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் குளிர்காலத்துக்குள் இப்படி மூன்று தரம் செய்திருக்கிறேன். ஈமானைப் பாதுகாக்கத்தான் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் போர்வைக்குள் இருந்து எழும்பப் பஞ்சி.

மார்ச் மாதம் பல்கலைக்கழக விடுமுறை. காசு போட்டு உடுப்புக் கழுவுகிற கடை ஒன்று என் வீட்டுக்குக் கிட்ட இருந்தது. ஒரு திங்கட்கிழமை பகல் அங்கே போனால் அதே இரண்டு பேர், ஜீன்ஸும் ரீ-ஷேர்ட்டுமாக. ஓட்டை வழியாகப் பார்த்த முகங்கள். அவர்களுக்கு என் முகம் தெரியாது, அது ஒரு ஆறுதல். ஒருவன் நல்ல உயரம், ஜப்பான் மொழி தண்ணீர் மாதிரி வருகிறது. மற்றவன் சின்னவன், முகத்தில் பருக்கள் ஆறாத வயது. என் ஏ.எல் வகுப்பில் பின் வாங்கில் இருக்கிற பொடியன்மாரைப் போலவே இருந்தான். அவன்தான் கேட்டான், "நீங்கள் ஆங்கிலம் பேசுவீர்களா?" ஓம் என்றேன். தாகத்தில் நின்றவனுக்குத் தண்ணீர் கொடுத்த மாதிரி இருந்தது அவன் முகம். உடுப்புக் காயும் வரைக்கும் கதைத்தோம். அவர்களின் மார்க்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இலங்கையில் கிரிக்கெட் எப்படி விளையாடுவது என்று கேட்டான். சொல்லி விளங்க வைக்க என்னால் முடியவில்லை.

பெயர் கேட்டேன். தகட்டைக் காட்டினான், குடும்பப் பெயர் மட்டும்தான். இந்த வேலையில் இருக்கும் வரைக்கும் ஆண்பிள்ளைகள் எல்லோரும் 'எல்டர்', அதாவது மூப்பர். ஜப்பானில் அதற்கும் ஒரு சொல், 'சோரோ'. மீசை முளைக்காத பிள்ளையை ஊரே மூப்பர் என்று கூப்பிடுகிறது. இருவரும் ஒருவரையொருவர் கூப்பிடுவதும் அப்படித்தான். அவனுடைய உம்மா அவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவாள் என்று கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1830இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் ஆரம்பித்த சபை. பைபிளோடு 'மோர்மன் நூல்' என்று இன்னொன்றையும் வேதமாக வைத்திருக்கிறார்கள். தலைமையகம் யூட்டா மாநிலத்து சோல்ட் லேக் சிட்டியில். ஜோசப் ஸ்மித்தை நபி என்கிறார்கள். நமக்கு நபித்துவம் முஹம்மது ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களோடு முடிந்துவிட்டது, இதில் கதைக்க ஒன்றுமில்லை. கொமென்ட்டில் வந்து எனக்கு அகீதா படிப்பிக்க இருக்கிற தம்பிமார் இந்தப் பந்தியை இரண்டாம் தரம் வாசித்துவிட்டு வரவும்.

சரி, அவர்களின் நாளைச் சொல்கிறேன்.

காலை 6.30க்கு எழும்ப வேண்டும். பிரார்த்தனை, அரை மணி நேரம் உடற்பயிற்சி, குளிப்பு, சாப்பாடு. எட்டு மணிக்குத் தனியே வேதம் படிப்பு, ஒன்பதுக்கு இருவரும் சேர்ந்து படிப்பு. சின்னவன் புதியவன் என்பதால் அவனுக்கு மொழிப்பாடமும் மேலதிகம். அதன் பிறகு சைக்கிள். பகலும் இரவும் சாப்பிட ஒவ்வொரு மணித்தியாலம். இரவு ஒன்பதுக்கு வீட்டுக்கு வந்துவிட வேண்டும், யாருக்காவது பாடம் நடந்தால் ஒன்பதரை. 10.30க்கு லைட் அணைய வேண்டும். திங்கட்கிழமை பகல் மட்டும் சொந்த வேலைக்கு. உடுப்புக் கழுவுவது, சாமான் வாங்குவது, வீட்டுக்கு மின்னஞ்சல் எழுதுவது எல்லாம் அதற்குள். பின்னேரம் ஆறு மணிக்குத் திரும்ப டையைக் கட்டிவிடுவார்கள்.

ஆண்பிள்ளைகளுக்கு இரண்டு வருடம், பெண்பிள்ளைகளுக்கு ஒன்றரை வருடம். 2012 வரைக்கும் பத்தொன்பது வயதில்தான் ஆண்பிள்ளைகளை எடுத்தார்கள், அந்த வருடம் பதினெட்டாக்கினார்கள். பெண்களுக்கு இருபத்தொன்று இருந்ததைப் பத்தொன்பதாக்கினார்கள். அதனால் நான் ஜப்பானில் இருந்த காலத்தில் கூட்டம் பெருகி, 2014 முடிவில் உலகம் முழுவதும் 85,000 பேருக்கு மேல் இந்த வேலையில் இருந்தார்கள். எந்த நாட்டுக்கு என்பதைப் போகிறவன் தீர்மானிக்க முடியாது. அப்போதெல்லாம் கடிதம் வரும், பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். சம்பளம் கிடையாது. அவனோ அவன் வீட்டாரோதான் கட்ட வேண்டும், அந்தக் காலத்தில் மாதம் 400 டொலர். சின்னவன் பள்ளிக்கூடம் முடிய உருளைக்கிழங்குத் தோட்டத்தில் வேலை செய்து சேர்த்ததையும் கட்டியிருக்கிறான். ஐடஹோ மாநிலத்தான் அவன், பரம்பரையாகக் கிழங்கு விவசாயம். நருத்தோவின் மணல் தோட்டங்களைக் கண்டால் சைக்கிளை நிறுத்திவிடுவான். ஒரு கிழவருக்குக் கொடி நட உதவி செய்துவிட்டு வந்து, "இன்றைக்குத்தான் எனக்கு என்ன செய்வது என்று தெரிந்த வேலை கிடைத்தது" என்றான். கிழவர் கூலியாக ஒரு பை கிழங்கும் கொடுத்து, வேதத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினாராம்.

தனியே இருக்கவே முடியாது. குளியலறையைத் தவிர எங்கேயும் மற்றவன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்க வேண்டும். துணையை அவர்கள் தெரிவு செய்வதுமில்லை. ஆறு கிழமைக்கு ஒரு தரம் மேலிடத்திலிருந்து தொலைபேசி வரும், யார் இருப்பது, யார் போவது என்று. வந்தால் இரண்டு பெட்டியோடு வெளிக்கிட வேண்டியதுதான். குறட்டை விடுகிறவனோ கோபக்காரனோ, ஆறு கிழமைக்கு அவன்தான் உனக்குத் தம்பி, காக்கா, மச்சான் எல்லாம். படம், செய்தி, பெண்பிள்ளைகளோடு பழக்கம் ஒன்றும் கிடையாது.

வீட்டுக்குக் கதைப்பது அப்போது வருடத்தில் இரண்டே தரம். நத்தாருக்கு ஒரு தரம், அன்னையர் தினத்துக்கு ஒரு தரம். மற்றபடி கிழமைக்கு ஒரு மின்னஞ்சல். 2019 பெப்ரவரியில் இதை மாற்றிக் கிழமைக்கு ஒரு தரம் கதைக்கலாம் என்று அறிவித்தார்கள். வாசித்தபோது, இந்தப் புத்தி ஐந்து வருடம் முந்தி வந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமே வந்தது. ஒரு ஆசிரியனாகச் சொல்கிறேன், பதினெட்டு வயதுப் பிள்ளையை உம்மாவின் குரலிலிருந்து பிரித்து வைப்பதால் அவன் பக்தி கூடும் என்பதை நான் நம்ப மாட்டேன்.

கதவுகளுக்கு வருவோம். ஜப்பானில் யாரும் ஏச மாட்டார்கள். கதவையே திறக்காமல், சுவரிலிருக்கிற பேசும் கருவியால் "கெக்கோ தெஸ்" என்று ஒரு குரல் வரும். போதும், வேண்டாம் என்று அர்த்தம். அவ்வளவு மரியாதையான குரல். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டேன். உயரமானவன் சிரித்தான். ஆரம்பத்தில் எண்ணினானாம், பிறகு விட்டுவிட்டானாம். சின்னவன் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தான். கிழமைக் கடைசியில் எத்தனை பேருக்குப் பாடம், எத்தனை பேர் ஞாயிறு ஆராதனைக்கு வந்தார்கள் என்று மேலே கணக்குக் கொடுக்க வேண்டும். நம்மிடம் கல்வி வலயத்திலிருந்து படிவம் கேட்பார்களே, அதே மாதிரி. பூச்சியத்தை எழுதுவதற்கு ஒரு முகம் வேண்டும். அந்த முகத்தை நானும் சில வருடம் வைத்திருந்தவன்.

இத்தனைக்கும் இவர்களின் ஆட்கள் முதன்முதல் ஜப்பானுக்கு வந்தது 1901இல். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வருடம் இருந்து பார்த்து, இருநூறு பேரைக்கூடச் சேர்க்க முடியாமல் 1924இல் மூடிக்கொண்டு போனார்கள். 1948இல் திரும்ப வந்தார்கள். சின்னவனுக்கு இந்தக் கதை மனப்பாடம். தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற மருந்து அது.

இன்னொரு விசயம். ஷிகொக்கு தீவைச் சுற்றி 88 பௌத்த கோயில்களைத் தரிசிக்கிற யாத்திரை இருக்கிறது, ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். அதன் முதலாவது கோயில் நருத்தோவில். வெள்ளை உடுப்பு, கோரைத் தொப்பி, கைத்தடியோடு நடந்து போகிறவர்களை எப்போதும் காணலாம். ஊர் மக்கள் அவர்களை நிறுத்தித் தோடம்பழம், தேத்தண்ணி, சில்லறைக் காசு கொடுப்பார்கள். அது அந்தத் தீவின் பழக்கம். கோயில் பக்கத்துக் கிழவி ஒருத்தி இந்த இரண்டு பேருக்கும் அப்படியே தோடம்பழம் கொடுப்பாளாம். நாங்கள் யாத்திரீகர் இல்லை என்று சொல்லியும் பார்த்தார்களாம். "நடக்கிறீங்கதானே" என்றாளாம். சைக்கிளில் வந்தவர்களைப் பார்த்து! அவர்களின் புத்தகத்தை மட்டும் கடைசி வரை கையில் வாங்கவில்லை.

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை அவர்களைச் சோறுக்குக் கூப்பிட்டேன். லைட் அணைத்த குற்றம் உள்ளுக்குள் இருந்தது, அவர்களிடம் அதைச் சொல்லவில்லை. தபாலில் வருகிற ஹலால் கோழி, நானே ஊரிலிருந்து கொண்டுபோன தூள். உறைப்பில் சின்னவனுக்குக் கண்ணாலும் மூக்காலும் ஓடியது, ஆனாலும் கோப்பையைத் திரும்ப நீட்டினான். சாப்பிட்டு முடிய நம் வழக்கப்படி தேத்தண்ணி ஊற்றினேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அவர்களுக்குத் தேயிலை கூடாது. கோப்பி, சாராயம், புகையிலை எல்லாம் போலத் தேயிலையும் தடை. சிலோன்காரன் வீட்டில் தேத்தண்ணி குடிக்காத விருந்தாளி! எனக்கு உண்மையில் கை ஓடவில்லை. உயரமானவன்தான், வாற்கோதுமையை வறுத்து ஊறவைக்கிற 'முகிச்சா' கடையில் இருக்கிறது, அதில் தேயிலை இல்லை, அதைக் குடிப்போம் என்றான். அடுத்த தரத்துக்கு வாங்கி வைத்தேன். யோசித்துப் பார்த்தால் அந்த ஊரில் எனக்கும் அதே கதைதான். பேராசிரியர் விருந்து வைத்தால் பன்றி இருக்கிறதா, சமையலில் சாராயம் சேர்த்ததா என்று ஒவ்வொரு கோப்பையையும் விசாரித்து மற்றவர்களின் சாப்பாட்டையும் ஆற வைக்கிற ஆள் நான்தான். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மரியாதையாக நடப்பது எவ்வளவு களைப்பு என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

அந்த வருடம் ரமழான் ஜூன் கடைசியில் பிறந்தது. ஜப்பானில் கோடை, பதினாறு மணித்தியாலத்துக்கு மேல் நோன்பு. அவர்களும் மாதத்தின் முதல் ஞாயிறு நோன்பு பிடிப்பார்கள், தண்ணீரும் இல்லை. சாப்பிடாமல் மிச்சம் பிடித்த காசை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஜூலை 6 ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் நோன்பாளிகள். மஃரிபுக்கு என் வீட்டுக்கு வந்தார்கள். உயரமானவன் முடித்துக்கொண்டு நாடு போய்விட்டான், அவனுக்குப் பதிலாக வந்தவன் அதிகம் பேசாத ஜப்பான் பிள்ளை. ஒரு ஈத்தம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நான் கடிக்கும் வரைக்கும் அவர்களும் கடிக்காமல் இருந்தார்கள்.

ஓகஸ்ட்டில் என் வாப்பா மௌத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

சுபஹுக்குப் பிறகு என்று காக்கா எடுத்துச் சொன்னபோது எனக்கு அங்கே காலை ஒன்பது மணி. லுஹரோடு அடக்கம். விமானம் கிடைத்து வந்து சேர்ந்தாலும் அடுத்த நாள் இரவாகும். "நீ வந்து மையவாடியத்தான் பார்க்கப் போறாய், அங்கயே இருந்து துஆச் செய்" என்றார் காக்கா. மூன்றரை மணித்தியால வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு, ஊரில் ஜனாஸாத் தொழுகை நடக்கிற நேரத்துக்கு நான் அந்த அறையில் தனியே நின்று காயிப் ஜனாஸாத் தொழுதேன். ஒற்றை ஆள் ஸஃப். அதற்கு மேல் எழுத வரவில்லை.

ஆறு மணி போல மணி அடித்தது. இரண்டு நாளைக்கு முந்தி நான் கறி கொடுத்தனுப்பிய சட்டியைத் திருப்பித் தர வந்திருந்தார்கள். என் முகத்தைக் கண்டதும் சின்னவன் கேட்டான், சொன்னேன். உள்ளே வந்தார்கள். ஜப்பான் பிள்ளை ஒன்றும் கேட்காமல் குசினிக்குள் போய்க் கிடந்த கோப்பை, பானை எல்லாவற்றையும் கழுவத் தொடங்கினான். சின்னவன் என் முன்னால் பாயில் இருந்தான்.

"உங்களுக்காகப் பிரார்த்திக்கலாமா?" என்றான்.

"நீ போய் உன் அறையில் கேள். என் வாப்பாவுக்கு நான் கேட்கிறேன். சேர்ந்து வேண்டாம்" என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் வந்தது. அவன் சரி என்று தலையாட்டினான். கோபமில்லை. வேண்டாம் என்பதை அவ்வளவு கேட்டுப் பழகிய பிள்ளை.

கொஞ்ச நேரம் போய் அவனாகச் சொன்னான். பெப்ரவரியில் அவனுடைய மூத்தப்பா போய்விட்டாராம். கிழங்குத் தோட்டத்தில் அவனை டிராக்டர் ஓட்டப் பழக்கியவர். மேலதிகாரி தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். உம்மாவின் மின்னஞ்சல் வந்திருக்கிறது, நீ அங்கேயே இருந்தால்தான் அவர் சந்தோசப்படுவார் என்று. அவர் உயிர் பிரிந்த நேரத்தை அவனும் என்னைப் போலவே கணக்குப் போட்டிருக்கிறான். அந்த நேரம் இந்த ஊரில் இரவு.

"அப்போது எங்கே இருந்தாய்?"

"கதவு தட்டிக்கொண்டிருந்தேன். யாரும் திறக்கவில்லை."

பெப்ரவரியில் எந்தக் கிழமை என்று நான் கேட்கவில்லை. இன்று வரைக்கும் கேட்டிருக்கலாமா, கேட்காதது நல்லதா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அவன் உள்ளதைச் சொன்னான். அவனுக்கு வீட்டுக்குப் போக வேண்டும். இரவில் நித்திரை இல்லை. ஏழு மாதத்தில் அவன் கையால் ஒருவரும் சேரவில்லை. ஆனால் இடையில் திரும்பினால் ஊரில் என்ன நினைப்பார்கள்? பெயர்ப்பலகை பிடித்து விமான நிலையத்துக்கு ஆட்கள் வருவது முழுதாக முடித்தவனுக்கு. பாதியில் வந்தவனிடம் யாரும் நேரே ஒன்றும் கேட்க மாட்டார்களாம், கேட்காமல் இருப்பதுதான் கொடுமையாம். "நீங்கள் ஆசிரியர்தானே, உங்கள் மாணவன் என்றால் என்ன சொல்வீர்கள்?" என்றான்.

முடித்துவிட்டுப் போ என்றேன். எடுத்த காரியத்தைப் பாதியில் விடக்கூடாது, பதினாறு மாதம் கண்ணை மூடித் திறந்தால் போய்விடும் என்றேன். என் வாப்பா எனக்குச் சொல்லியிருக்கக் கூடியது அப்படியே என் வாயால் வந்தது. அன்றைக்கு எனக்கும் அந்தக் குரல் தேவைப்பட்டதோ தெரியாது. அவன் நித்திரை இல்லை என்று சொன்னதை நான் காதில் வாங்கவே இல்லை.

அடுத்த கிழமை அந்தத் தொலைபேசி அழைப்பு வந்து அவனைக் கடலுக்கு அக்கரையில் வேறொரு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். வெளிக்கிட முன் ஓடி வந்தான். மிச்சமிருந்த முகிச்சா பக்கெற்றுகளைக் கையில் திணித்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று சைக்கிளை மிதித்தான். முகவரி மாற்றிக்கொள்ள இருவருக்கும் தோன்றவில்லை. முடித்தானா, பாதியில் போனானா, இப்போது கிழங்குத் தோட்டத்தில் இருக்கிறானா, ஒன்றும் தெரியாது. இப்போது முப்பது வயதாகியிருக்கும்.

நாடு திரும்பி இரண்டு, மூன்று வருடம் இருக்கும். ஹிப்ழு மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த பொடியன் ஒருவன் பன்னிரண்டு ஜுஸ்உவோடு திரும்பி வந்து என் வகுப்பில் சேர்ந்தான். 'ஓடி வந்தவன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் மட்டும் இல்லை, நம் ஓய்வறையிலும் அந்தப் பெயர் நடமாடியது. அவனுடைய வாப்பா வந்து என்னிடம், "சேர், நீங்க சொன்னா கேப்பான், திரும்பிப் போகச் சொல்லுங்க" என்றார். நான் பொடியனைக் கூப்பிட்டு, திரும்பிப் போ என்பதற்கு முன்னால், இரவில் நித்திரை வருதா மகன் என்று கேட்டேன். அவன் அழத் தொடங்கினான். என்ன சொன்னான் என்பது அவனுடைய சொந்தக் கதை, இங்கே எழுத மாட்டேன். திரும்பிப் போகச் சொல்லவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன். அவனுடைய வாப்பா இரண்டு வருடம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். மகனை விலக்கிவிட்டுக் கேற்றடிக்குப் போனேன். நாலு பேர். அமீர் வயதானவர். மற்ற இருவர் நடுத்தரம். கடைசியில் நின்றவன் ஒரு பொடியன், ஜுப்பா தோள் கொள்ளாமல் பெரிதாக இருந்தது, வெயிலில் நெற்றி முழுக்க வேர்வை. முதல் தடவையாக நாற்பது நாளைக்கு வெளிக்கிட்டிருக்கிறான், பதினெட்டு வயதாம், ஏ.எல் ரிசல்ட் வரும் வரைக்கும். அமீர் பேசுகிறபோது அவன் தலையைக் குனிந்து ஓதிக்கொண்டிருந்தான். எத்தனையாவது வீடு மகன் இது என்று கேட்டேன். யோசிக்காமல் பதில் சொன்னான்.

"பத்தொம்பதாவது சேர்."

உள்ளே வந்திருங்கள் என்று சொல்லிவிட்டு மகனைக் கூப்பிட்டு, உம்மாவிடம் சொல்லி ஐந்து பிளேன்டீ கொண்டுவா என்றேன். இஞ்சி போட்டு வந்தது. அந்தப் பொடியன் ஒரே இழுப்பில் குடித்துவிட்டு, இன்னொரு கோப்பை கிடைக்குமா என்று வெட்கத்தோடு கேட்டான். மகன்தான் எழும்பி எடுத்துவரப் போனான்.